நின்ற இடத்திலேயே கெட்ட வண்டி

சுகந்தி அக்கா, இன்னைக்குச் சாயங்காலம் படிக்கட்டுல நின்னு நீங்க என்கிட்ட ரெண்டு கேள்வி கேட்டீங்க. ரெண்டுக்கும் நான் பொய் சொன்னேன்.

முதல் பொய் சின்னது. "உன் பையன் சத்தமே காணோமே பெனிட்டா, என்ன கொடுத்துத் தூங்க வைக்கிற?"ன்னு கேட்டீங்க. ஓமத்தண்ணின்னு சொன்னேன். ஓமத்தண்ணி வாயில பட்டாலே அவன் என் மூஞ்சியில துப்புவான். அதை விடுங்க.

ரெண்டாவது பொய்தான் என்னைப் படுக்க விடல. "லினஸ்னு ஒரு பையன் எங்க வீட்டுக்காரர்கிட்ட டிரைவர் வேலை கேட்டு வந்திருக்கான். உங்க சொந்தமாமே. பெட்ரோல் விஷயம்னு ஏதோ காதுல விழுந்துச்சு. ஆள் எப்படி? நாளைக் காலையில அவர் முடிவு சொல்லணும்"னு கேட்டீங்க. நான் என்ன சொன்னேன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "சொந்தம்தான் அக்கா. ஆனா கொஞ்சம் பார்த்து வச்சுக்குங்க."

அந்தப் பையன் ஒரு சொட்டுப் பெட்ரோல் எடுத்தவன் இல்ல. எடுத்தது நான். எடுத்ததுன்னா திருடல. எரிச்சேன். எப்படின்னு சொல்றேன், கொஞ்சம் பொறுமையா படிங்க. வாய்ஸ்ல பேசலாம்னுதான் பார்த்தேன். இவர் பக்கத்துல படுத்திருக்கார், அதான் எழுதுறேன். நான் தூத்துக்குடியில கான்வென்ட்ல படிச்சவ. எழுதச் சொன்னா அடிஷனல் ஷீட் கேட்டு வாங்கி எழுதுவேன். வாயைத் திறக்கச் சொன்னாத்தான் வராது.

எங்க வீட்டு வெள்ளை பிக்கப்பை நீங்க பார்த்திருப்பீங்க. இவர் ஏசி சர்வீஸ் பண்றவர்னு தெரியும்ல? கம்ப்ரசர், சிலிண்டர், ஏணி எல்லாம் அதுலதான் போகும். அது ஓடினாத்தான் எங்களுக்குச் சோறு. பழைய வண்டி, ஆட்டோமேட்டிக் கியர். எங்க கைக்கு வர்றதுக்கு முன்னாடியே மூணு முதலாளிகளைப் பார்த்தது. இவர் அதை "கிழவி"ன்னுதான் கூப்பிடுவார். "கிழவிக்கு ஒரு நோயும் கிடையாது, பெயின்ட் மட்டும்தான் போயிருக்கு"ம்பார். லினஸ் இவரோட சித்தி மகன். ஊர்ல இருந்து இவர்தான் விசா போட்டுக் கூட்டிட்டு வந்தார். வண்டி ஓட்டுறது, ஏணி பிடிக்கிறது, மொட்டை மாடியில வெளி யூனிட்டைக் கழுவுறது எல்லாம் அவன். எங்களோட ஹால்லதான் படுப்பான். அண்ணியை எங்க ஊர்ல மைனிம்போம், அவனும் என்னை அப்படித்தான் கூப்பிடுவான். நோயல் பிறந்தப்போ ஆஸ்பத்திரியில இவரை விட அவன்தான் அதிகமா அழுதான்.

இந்த அரபு நாட்டுல கோடையில மத்தியானம் வெளி வேலை செய்யக்கூடாதுன்னு சட்டம் இருக்குல்ல. அந்த நேரத்துல ரெண்டு பேரும் வந்து சாப்பிட்டுட்டு, வண்டியைக் கீழே தகரக் கொட்டகையில விட்டுட்டு, சாவியை வாசல் ஆணியில மாட்டிட்டுத் தூங்குவாங்க. இல்லன்னா லினஸ் மட்டும் பள்ளிவாசல் பக்கத்து டீக்கடைக்குப் போவான். வீட்ல குழந்தை கத்துற கத்துல அவன் எங்க தூங்குறது.

கத்துன்னா என்ன கத்துங்கிறீங்க. பல் வர்ற நேரம்னு டாக்டர் சொன்னார். எங்க அம்மா ஊர்ல இருந்து வீடியோ கால்ல பார்த்துட்டு, "கண்ணு பட்டிருக்கும், சுத்திப் போடு"ன்னாங்க. மிளகாய் சுத்திப் போட்டேன், அந்த நெடியில இன்னும் கூடக் கத்தினான். தோள்ல போட்டு நடந்து நடந்து என் முழங்கால் போச்சு. இவர் தலையணையைக் காதுல அமுக்கிட்டு, "பெனி, ஏதாவது பண்ணு பிள்ள. நான் சாயங்காலம் மாடியில ஏறணும். கண்ணு சொருகி விழுந்தா நீதான் அள்ளணும்"னு சொன்னார். கோபமா இல்ல. கெஞ்சுற மாதிரி. அதுதான் எனக்குப் பயமாப் போச்சு. மொட்டை மாடி விளிம்புல நின்னு வேலை பார்க்கிற மனுஷன் தூங்காம போனா என்ன ஆகும், சொல்லுங்க. நான் செஞ்சதெல்லாம் அதுக்காகத்தான். இதை நீங்க முதல்ல மனசுல வச்சுக்கணும்.

ஒரு நாள் லினஸ் எங்களைத் தடுப்பூசி போடக் கூட்டிட்டுப் போனான். வழி நெடுக நோயல் கத்தல். சிக்னல்ல வண்டி நின்னுச்சு. அவ்வளவுதான், அடங்கிட்டான். பச்சை விழுந்து கிளம்பினதும் சிணுங்கினான். அடுத்த சிக்னல்ல மறுபடி அமைதி. லினஸ் சிரிச்சான். "என்ன மைனி, உங்க மகனுக்கு டிராபிக்தான் பிடிக்கும் போல. பெரிய ஆளா வருவான், போலீஸ்ல சேர்த்து விடுங்க"ன்னான்.

நான் சிரிக்கல. யோசிச்சேன். ஆட்டோமேட்டிக் வண்டியில கியர் ஓடுற நிலையில, அதாவது D-யில இருக்கும்போது பிரேக்கை மிதிச்சு நிறுத்தினா வண்டி போகவும் முடியாம நிக்கவும் முடியாம ஒரு நடுக்கம் நடுங்கும். பழைய வண்டியில அது இன்னும் நல்லாத் தெரியும். சீட்டுக்கு அடியில இருந்து மெல்லமா உடம்பு முழுக்க ஏறும். பிள்ளைக்கு வேண்டியது அந்த நடுக்கம்.

மறுநாள் மத்தியானம் இவர் தூங்கினதும் சாவியை எடுத்துட்டுக் கீழே போனேன். எனக்கு லைசென்ஸ் கிடையாது அக்கா. ஊர்ல ஸ்கூட்டி ஓட்டினதோட சரி. சக்கரத்துக்கு முன்னாடி சிமென்ட் தடுப்பு இருக்கு, ஹேண்ட் பிரேக்கும் போட்டிருக்கு, அதனால போகாதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஏசி போட்டேன். லீவர் பார்க்கிங்குக்கான P-யில இருந்துச்சு, கத்தினான். நியூட்ரல் N-ல போட்டேன், கத்தினான். பிரேக்கை ரெண்டு காலாலயும் மிதிச்சுக்கிட்டு D-யில போட்டேன். நடுக்கம் வந்துச்சு. என் மார்ல கன்னத்தை அழுத்தி, ஒரு பெருமூச்சு விட்டு, தூங்கிட்டான். பள்ளிக்கூட லேப்ல நீல லிட்மஸ் சிவப்பாகும்போது ஒரு சந்தோஷம் வருமே, அது வந்துச்சு எனக்கு. பிரேக்கை மிதிச்சபடியே நானும் அழுதேன்.

அன்னைக்கு ஒரு ஜெபமாலை சொல்லி முடிக்கிற நேரம் இருந்தேன். அப்புறம் ரெண்டு ஜெபமாலை. அப்புறம் தினமும். கையில ஜெபமாலை, கால்ல பிரேக். வெளியில கொட்டகைத் தகரம் வெயில்ல டக்டக்னு முறியுற சத்தம். உள்ள ஏசி. இந்த ஊருக்கு வந்த பிறகு நான் நிம்மதியா இருந்த இடம் அதுதான். சத்தியமாச் சொல்றேன், இதனால வண்டிக்கு ஏதாவது ஆகும்னு எனக்குத் தெரியாது. வண்டி ஓடினாத்தானே தேயும்? நின்னா ஓய்வுதானேன்னு நினைச்சேன்.

தெரியாதுன்னு எழுதிட்டேன். அது முழு உண்மை இல்ல. லினஸ் சொன்னான்.

ஒரு மத்தியானம் எதையோ மறந்துட்டு எடுக்க வந்தான். என்னைப் பார்த்ததும் கண்ணாடியைத் தட்டினான். முதல்ல சிரிச்சான், அப்புறம் என் காலைப் பார்த்தான்.

"மைனி, இது D-யிலயா கிடக்கு? P-யில தள்ளிட்டு உக்காருங்க. இப்படி வச்சிருந்தா உள்ள ஆயில் கொதிக்கும்."

"P-யில போட்டா முழிச்சிருவான் லினஸ்."

"N-லயாவது போடுங்களேன்."

"அதுலயும் முழிக்கிறான். நான் பார்த்துட்டேன்."

அவன் குழந்தையைப் பார்த்தான். தலையைச் சொறிஞ்சான். "சரி, கொஞ்ச நேரம்தான? இருங்க, இருங்க. நான் டீக்கடைக்குப் போறேன்"னு கதவைச் சத்தம் வராம சாத்திட்டுப் போயிட்டான். வந்தது எதுக்குன்னு கூட மறந்துட்டான்.

அவன் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேன் அக்கா. கண்டிப்பாக் கேட்டிருப்பேன். இவ்வளவு மெதுவாச் சொன்னா யாருக்கு உறைக்கும்?

கொஞ்ச நாள்ல கிழவி தகராறு பண்ண ஆரம்பிச்சா. காலையில நல்லாத்தான் போவா. சூடானதும் முதல் கியர்ல இருந்து ரெண்டாவதுக்கு மாற மாட்டா. ஆக்சிலேட்டரை மிதிச்சா எஞ்சின் மட்டும் கத்தும், வண்டி நகராது. அப்புறம் திடீர்னு பின்னால யாரோ வந்து மோதின மாதிரி ஒரு இடி இடிச்சு கியர் விழும். ஏணியெல்லாம் எகிறும். இவருக்கு ஒரு கர்வம் உண்டு. ஏசியை வாசல்ல நின்னு கேட்டே நோயைச் சொல்லிடுவார். "இது சும்மா ஆயில் கம்மியா இருக்கும்"னார்.

எஞ்சின் ஓடும்போதே கியர் ஆயிலைக் குச்சி விட்டுப் பார்க்கணுமாம். பார்த்தார். ஆயில் குறையல. ஆனா அது செர்ரி சிரப் மாதிரி சிவப்பா இருக்கணுமாம், டிகாக்‌ஷன் மாதிரி இருந்துச்சு. மோந்து பார்த்துட்டு என்கிட்ட நீட்டினார். "மோந்து பாரு, நீ தோசை கருக்குவியே, அதே வாசனை." மோந்தேன். அதே வாசனைதான். லினஸ் அப்போ டயர்கிட்ட குனிஞ்சு எதையோ துடைச்சிக்கிட்டே இருந்தான்.

ஆயிலையும் பில்டரையும் மாத்தினாங்க. கிழவி நல்லாப் போனா. நல்லாத்தான் ஆயிடுச்சேன்னு நான் மறுபடி கீழே போனேன். ஒரே ஒரு ஜெபமாலைதான்னு போனேன். முடிக்கும்போது நல்லாத் தூங்கிட்டு இருப்பான், எழுப்ப மனசு வராது. அடுத்த மாசம் மறுபடி இடி. ஆக்சிலேட்டர்ல இருந்து கியர்பாக்ஸுக்குப் போற கேபிள் தளர்ந்திருக்கும்னு அதை இழுத்து வச்சாங்க. இடி கூடிச்சு. கழட்டி பழையபடி வச்சாங்க. ஏதோ சொலினாய்டாம், சுண்டுவிரல் அளவு சாமான், கரென்ட் வந்தா ஆயிலுக்கு வழி விடுமாம். அதை மாத்தினாங்க. ஒண்ணும் ஆகல. ஒவ்வொரு சாமானா சந்தேகப்பட்டு, கழட்டி, அது நல்லவன்னு தெரிஞ்சு மறுபடி மாட்டினாங்க. எனக்கு அது திருடன் போலீஸ் விளையாட்டு மாதிரி இருந்துச்சு. நான் சமையக்கட்டுல ஒளிஞ்சிருக்கேன், கண்டுபிடிக்க வர்றவங்க ஒவ்வொரு ரூமாத் திறந்து பார்த்துட்டே வர்றாங்க.

கடைசியில மலையாளி மெக்கானிக் நாசர் இக்காவோட ஒர்க்‌ஷாப்ல கியர்பாக்ஸைப் பிரிச்சாங்க. அன்னைக்கு நோயலுக்கு டாக்டர் பார்த்துட்டு அந்த வழியா வந்ததால நானும் அங்கே இருந்தேன். அடித்தட்டுல காந்தத்தைச் சுத்திக் கறுப்பா மாவு மாதிரி ஒட்டியிருந்துச்சு. நாசர் இக்கா அதை விரல்ல தேய்ச்சுப் பார்த்துட்டு, "வில்பர்ட்டே, இது மணல்ல மாட்டின வண்டியாக்கும். டயர் அசையாது, எஞ்சின் மட்டும் இழுத்தோண்டே நிக்கும். அப்போதான் ஆயில் இப்படி வேகும். உன் பையன் வண்டியைக் கொண்டு பாலைவனத்துல விளையாடுறான்"னார்.

டயர் அசையாது, எஞ்சின் இழுத்துக்கிட்டே நிக்கும். அக்கா, அவர் என்னைப் பார்த்துத்தான் சொல்றார்னு நினைச்சேன். இல்ல, சும்மா என் பக்கம் திரும்பினார். "அல்லே மோளே?"ன்னு, அப்படித்தானே மகளேன்னு, கேட்டார். நான் தலையாட்டினேன். எதுக்கு ஆட்டினேன்னு எனக்கே தெரியல. பெரியவங்க கேட்டா தலையாட்டிப் பழக்கம்.

இவருக்கு அப்புறம்தான் இன்னொண்ணு பிடிபட்டுச்சு. பெட்ரோல் இறங்குது, கிலோமீட்டர் ஏறல. மணல்ல விளையாடினா கிலோமீட்டர் ஏறணுமே. ஏறலன்னா, உறிஞ்சி விக்கிறான். ரெண்டுல ஒண்ணு. இல்ல, ரெண்டும். அன்னைக்குச் சாயங்காலம் ஹால்ல விசாரணை நடந்துச்சு. நான் டீ போட்டுட்டு இருந்தேன்.

"ஏல லினஸு, உண்மையைச் சொல்லு. மத்தியானம் வண்டியை எடுத்துட்டு எங்கல போற?"

"எங்கயும் போகலண்ணே."

"அப்போ பெட்ரோல் எங்கல போச்சு?"

"இந்த ஊரு வெயிலுக்கு ஆவியாப் போயிருக்கும்ணே."

"உன் மூளைதாம்ல ஆவியாப் போச்சு. விளையாட்டா இருக்கா உனக்கு? கிழவி படுத்துட்டா நாம எல்லாரும் ஊருக்குப் போய் கருவாடு காயப்போட வேண்டியதுதான்."

"சாவி நம்ம வீட்டு ஆணியிலதாண்ணே தொங்குது. நான் எப்படி எடுப்பேன்? வீட்ல ஆளு இருக்காங்கல்லா?"

அந்த இடத்துல அவன் இன்னும் ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சது. அவன் சமையக்கட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் டீயை எடுத்துட்டு வந்து, "ஆறுது, குடிங்க"ன்னேன். அந்த விசாரணையில நான் பேசினது அது ஒண்ணுதான்.

"ரெண்டாவது சாவி வெட்டி வச்சிருப்ப"ன்னு இவர் சொன்னார். லினஸ் டீயைக் குடிச்சிட்டு, டம்ளரைக் கழுவி வச்சிட்டு, "சரிண்ணே. நீங்க எப்படி நினைக்கீங்களோ அப்படியே"ன்னான். மறுநாள் பேச்சிலர்ஸ் ரூமுக்குப் போயிட்டான். இவர் சித்திக்குப் போன் பண்ணி, "உன் மகனை அனுப்பி வைக்கேன், நீயே வச்சுக்கோ"ன்னு சொல்லிட்டார். போன்ல சித்தி அழுத சத்தம் எனக்கும் கேட்டுச்சு.

கான்வென்ட்ல லியோனில்லா சிஸ்டர் பரீட்சைக்கு முன்னாடி சொல்வாங்க, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்க, தெரிஞ்சதையெல்லாம் கொட்டாதீங்கன்னு. நான் அதைத்தான் பிடிச்சுக்கிட்டேன். என்கிட்ட யாரும் கேட்கலையே. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். ஃபாதர்கிட்ட பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணலாம்னு கோயிலுக்குப் போனேன். மலையாள ஃபாதர் இருந்தார். அவருக்குத் தமிழ்ல கியர்பாக்ஸ் புரியுமோன்னு திரும்பி வந்துட்டேன். சிரிக்காதீங்க.

ஆனா சொன்னேன் அக்கா. அவன் போன மூணாம் நாள் இவர்கிட்ட சொல்லிட்டேன். கியர்பாக்ஸைக் கெடுத்தது நான்தான், குழந்தையைத் தூங்க வைக்கத் தினமும் D-யில போட்டு நிறுத்தி வச்சிருந்தேன், பெட்ரோலும் அப்படித்தான் போச்சுன்னு. இவர் சிரிச்சார்.

"ஏ பிள்ள, நின்ன வண்டி கெட்டுப் போகுமா? அப்போ ஷோரூம்ல நிக்கிற வண்டியெல்லாம் காயலாங்கடைக்குத்தான் போகணும்."

"லினஸ் கூடச் சொன்னான், ஆயில் கொதிக்கும்னு."

சிரிப்பு நின்னுச்சு. "லினஸ் எப்போ சொன்னான்? நீ வண்டியில தனியா இருக்கும்போது அவன் எதுக்கு அங்க வந்தான்?"

நான் அவர் தட்டுல சோத்தை அள்ளி வச்சேன்.

"அவனுக்கு ஏன் பெனி இவ்வளவு பரிஞ்சு வர்ற?"ன்னு கேட்டார். மெதுவாத்தான் கேட்டார். லினஸைக் காப்பாத்தப் போய் அவனை இன்னும் பெரிய குழியில தள்ளிட்டேன், என்னையும் சேர்த்து. பேச்சை மாத்திட்டேன். சோத்துல உப்பு சரியா இருக்கான்னு கேட்டேன்.

ரெண்டு ராத்திரி அவர் என்கிட்ட சரியாப் பேசல. வெள்ளிக்கிழமை வண்டி திரும்பி வந்துச்சு. உள்ளே பாதி சாமான் புதுசு. கிழவி பூ மாதிரி கியர் மாறினா. அன்னைக்கு மத்தியானம் நோயல் வீட்டை இடிக்கிற மாதிரிக் கத்தினான். நான் சாவியை ஆணியில இருந்து எடுத்து, "என்கூடக் கீழே வாங்க"ன்னு கூப்பிட்டேன். எங்கிருந்து தைரியம் வந்துச்சுன்னு தெரியல. அந்தச் சந்தேகத்தோட இன்னொரு ராத்திரி என்னால படுக்க முடியாது, அவ்வளவுதான்.

அவர் பக்கத்து சீட்டுல ஏறினார். நான் டிரைவர் சீட்டுல உக்காந்து குழந்தையை மார்ல சாய்ச்சுக்கிட்டு, ஸ்டார்ட் பண்ணி, பிரேக்கை மிதிச்சு, லீவரை இழுத்தேன். லீவரைப் பார்க்கவே இல்ல. கை தானாப் போய் D-யில நின்னுச்சு. அதைப் பார்த்துத்தான் அவர் நம்பினார்னு நினைக்கிறேன். நடுக்கம் வந்துச்சு. நோயல் ரெண்டு விக்கல் விட்டான், கண்ணு சொருகுச்சு, வாய் திறந்துக்கிச்சு.

அவர் குழந்தையைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். அந்த மூஞ்சியை நான் எப்படி எழுதுவேன். கோபம் வரும்னு பார்த்தேன், வரல. "தினமுமா?"ன்னு கேட்டார். தினமும்னேன். "லினஸுக்குத் தெரியுமா?" தெரியும்னேன்.

"லினஸைக் கூப்பிடுங்க"ன்னேன்.

போனை எடுத்தார். நம்பரையும் எடுத்துட்டார். திரும்பி நோயலைப் பார்த்தார். போனைச் சட்டைப் பையில போட்டார்.

"இப்போ பேசினா முழிச்சிருவான். அப்புறம் பேசுறேன்."

கொஞ்ச நேரத்துல தலையைக் கண்ணாடியில சாய்ச்சு அவரும் தூங்கிட்டார். எவ்வளவு நாள் தூக்கமோ பாவம், குறட்டை விட்டார். ரெண்டு பேரையும் எழுப்ப மனசில்லாம நான் புது கியர்பாக்ஸை D-யில வச்சுக்கிட்டு, பிரேக்கை மிதிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தேன்.

அந்த "அப்புறம்" வரவே இல்ல. மேல வந்து கேட்டேன். "சித்திகிட்ட இப்போ போய் என்னன்னு சொல்றது? பொண்டாட்டி கெடுத்ததுக்குத் தம்பியைத் துரத்திட்டேன்னா? நாசர் இக்கா ஒர்க்‌ஷாப் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார். விடு. அவனும் ஊருக்குப் போய் ரொம்ப நாளாச்சு, லீவு மாதிரி இருந்துட்டு வரட்டும். அடுத்த வருஷம் நானே திரும்பக் கூப்பிட்டுக்கிறேன்"னார். நான் சரின்னேன். அவர் என்னைத் திட்டலைங்கிற சந்தோஷத்துல சரின்னுட்டேன். அன்னைக்கு அவருக்குப் பிடிச்ச மீன் குழம்பு வச்சேன். ரெண்டு பேரும் நல்லாச் சாப்பிட்டோம்.

போன வாரம் நோயலுக்குக் கீழ்ப்பல் ரெண்டு வெளிய வந்துடுச்சு. இப்போ போட்ட இடத்துல தூங்குறான். வண்டியும் வேண்டாம், நடுக்கமும் வேண்டாம். நீங்க சத்தமே காணோமேன்னு கேட்டீங்களே, அது அந்தப் பல்லுதான் அக்கா.

இன்னைக்கு உங்ககிட்ட அப்படிச் சொல்லிட்டு வீட்டுக்குள்ள வந்தேன். இவ்வளவு நாளா யாரும் கேட்கலையேன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். முதல் ஆளா நீங்க நேருக்கு நேரா கேட்டீங்க, நான் என்ன சொன்னேன் பாருங்க. கொஞ்ச நேரத்துலயே காலிங் பெல் அடிச்சது. லினஸ். இவர் வீட்ல இல்லாத நேரம் பார்த்து வந்திருக்கான். உள்ளே வரல. செருப்பைக் கூடக் கழட்டல. ஆள் கறுத்து, மெலிஞ்சு போயிருந்தான். நோயல் தவழ்ந்து வாசலுக்கு வந்து அவன் பேன்ட்டைப் பிடிச்சான். அவன் தூக்கல, தலையை மட்டும் தடவினான்.

"மைனி, மாடியில புதுசா வந்திருக்காங்கல்ல, பேக்கரி அண்ணன், அவங்ககிட்ட வேலை கேட்டிருக்கேன். நாளைக்குச் சொல்றேன்னாங்க. அவங்க வீட்டு அக்கா உங்ககிட்ட பழகுறாங்களாமே. ஒரு வார்த்தை நல்ல விதமாச் சொல்லுங்க மைனி. ஊருக்குப் போனா அம்மா மூஞ்சியில முழிக்க முடியாது. கோயில்ல கூடக் கேட்பாங்க."

உங்ககிட்ட நான் சொல்லி அரை மணி நேரம் கூட ஆகல. என் வாயில அந்த வார்த்தை இன்னும் ஈரமா இருக்கு. நான் அவன்கிட்ட, "சரி லினஸ், சொல்றேன்"னேன்.

"தேங்ஸ் மைனி"ன்னான். படியில ரெண்டு எட்டு இறங்கினவன் திரும்பிப் பார்த்து, "கிழவி நல்லா ஓடுறாளா?"ன்னு கேட்டான். குத்திக் கேட்கல அக்கா. நிஜமாவே கேட்டான். அதுதான் என்னைக் கொல்லுது.

இப்போ நான் எழுத உக்காந்தப்போ முதல்ல எழுதினது வேற. "லினஸ் நல்ல பையன், நம்பி எடுத்துக்கலாம், சாயங்காலம் நான் வேற யாரையோ நினைச்சுச் சொல்லிட்டேன்"னு நாலு வரி. அதை அனுப்பினா போதும்னு தோணுச்சு. ஆனா உங்க வீட்டு அண்ணன் கேட்பாருல்ல, "அப்போ பெட்ரோல் என்னாச்சு?"ன்னு. நாசர் இக்காவைக் கேட்டா அவர் மணல் கதையைச் சொல்வார். இவரைக் கேட்டா என்ன சொல்வாரோ. நல்ல பையன்னு நான் மட்டும் சொன்னா அது நிக்காது. ஏன் நல்ல பையன்னு சொல்லணும்னா நான் யாருன்னு சொல்லணும். அதான் அந்த நாலு வரியை அழிச்சிட்டு இவ்வளவையும் எழுதினேன்.

இதை அண்ணன்கிட்ட காட்டுங்க. வேற யார்கிட்டயும் வேண்டாம்னு எழுதப் போனேன். எழுதல. காட்ட வேண்டிய இடத்துல காட்டுங்க. இவர் காதுக்குப் போகும், போகட்டும். வீட்ல என்ன நடக்கும்னு எனக்குத் தெரியாது. அடிக்கிற ஆள் இல்ல. பேசாம இருப்பார். எனக்கு அடியை விட அதுதான் பயம்.

நீங்க இன்னும் முழிச்சுத்தான் இருக்கீங்கன்னு தெரியும். உங்க குட்டி அழுகிற சத்தம் மாடியில கேட்குது, நீங்க நடக்கிற சத்தமும் கேட்குது. நான் இதை இப்போ அனுப்பிடுவேன். தோள்ல அவளைப் போட்டுக்கிட்டே போனை எடுத்து உடனே படிங்க அக்கா. காலைல பார்த்துக்கலாம்னு வச்சிராதீங்க. நீங்க படிச்சிட்டீங்கன்னு வாட்ஸப்ல நீலக் கோடு விழுற வரைக்கும் என் விரல் அந்த அழிக்கிற பட்டன் பக்கத்துலயேதான் இருக்கும். என்னை எனக்குத் தெரியும். சீக்கிரம் படிச்சிடுங்க.